கயிறு

போர்ம்லா கோவிலுக்கு மணியடித்தவன் நான்.
பெரிய மணி, சின்ன மணி, துக்க மணி.
மூன்றுக்கும் தனித்தனிக் கயிறு.
இருட்டில் கை குலுக்கினாலும்
"விஸ்டினா?" என்று கேட்டுவிடுவார்கள்,
அப்படிக் காய்த்துப்போன உள்ளங்கை.

அந்த வருஷம் ஆயரின் கடிதம் வந்தது.
கட்சிப் பத்திரிகை வாசித்தால் சாவான பாவம்.
அச்சடித்தால், விற்றால்,
கட்சிக்கு வோட்டுப் போட்டால், சாவான பாவம்.
வாசித்தவர் டுன் சால்வு.
கடிதத்தை மடிக்கும்போது
மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மீன் வந்ததே அந்தப் பத்திரிகையில்தான்.
பிலுமினா கேட்டாள்:
"சுற்றி வந்ததைப் படித்தாலுமா?"
"செதில் ஒட்டிய இரண்டு வரிதானே," என்றேன்,
"அற்ப பாவம்."
சிரித்தோம்.
அப்போதெல்லாம் சிரிக்க முடிந்தது.

கட்சிக் கூட்டம் நடக்கும் மாலைகளில் உத்தரவு வரும்:
அடி. பேச்சு முடியும்வரை நிறுத்தாதே.
கீழே சதுக்கத்தில் என் அண்ணன் நார்து,
அவனோடு கப்பல் துறையே நின்றது.
மைக்கில் ஒருவன் கூலியைப் பற்றிப் பேசுகிறான்.
கூலி என்ற அந்தச் சொல்லின் மேல்
ஒன்றரை டன் வெண்கலத்தை ஆட்டினேன்.
அதற்கும் கூலி உண்டு எனக்கு,
வாரக் கடைசியில், உறையில் போட்டு.

இரவு ஒரே பானைச் சூப்பு.
ரொட்டியைப் பிய்த்தபடி நார்து சொல்வான்:
"நல்லாத்தான் அடிச்சே இன்னைக்கு.
நீ மூச்சு வாங்க நின்ன நேரத்துல
நாங்க கைதட்டிக்கிட்டோம்."

சேசு தச்சன் மகன், நம் பக்கம்தான் நிற்பார் என்று
துறையில் எல்லோரும் சொன்னார்கள்.
நானும் சொன்னேன். சரியாகவும் இருக்கலாம்.
ஆனால் நன்மை வாங்க நாக்கை நீட்டி மண்டியிட்டிருக்கையில்
குருவானவரின் விரல் ஒரு கணம் தயங்குமே,
அந்தக் கணத்தில்
எந்த வாதமும் வாய்க்குள் இருப்பதில்லை.

ஐப்பசியில் பாரந்தூக்கியின் சங்கிலி அறுந்தது.
மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான் நார்து.
கட்சியை விட்டேன் என்று ஒரு வார்த்தை போதும் என்றார்கள்.
அவன் தண்ணீர் கேட்டான்.

மதிலோரம், மந்திரிக்காத மண்ணில் வைத்தோம்.
கயிறு இருந்தது. கை இருந்தது.
துக்க மணிக்கு உத்தரவு இல்லை.
சிலுவை அடையாளத்தை ஆளாளுக்கு வரைந்துகொண்டு
மழைக்கு முன்னே கலைந்தார்கள்.

மாசியில் தேர்தல்.
பள்ளிக்கூட வகுப்பறை, மரத் தடுப்பு,
சணல் கயிற்றில் கட்டிய பென்சில்.
அவ்வளவு மெல்லிய கயிற்றை
நான் பிடித்ததே இல்லை.
பெயர்களை வரிசையாகப் பார்த்தேன்.
அண்ணனுக்காகவா, எனக்காகவா,
ஆயர் மேலுள்ள கோபத்திலா என்று கேட்டால்
இன்றைக்கும் எனக்குத் தெரியாது.
ஒரு பெயருக்கு நேரே ஒன்று என்று எழுதினேன்.
கை நடுங்கி, அது ஏழு போலத் தெரிந்தது.
அழித்து எழுத அழிப்பான் இல்லை.
மேலேயே இன்னொரு முறை அழுத்திக் கோடு போட்டேன்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம்.
கம்பிவலைக்கு அப்பால் டுன் சால்வு.
"பத்திரிகை?"
"மீன் சுற்றி வந்தது மட்டும்."
அடுத்த கேள்விக்கு முன் இருமினார்.
நீளமான இருமல்.
அதற்குள்ளேயே கேள்வியை விழுங்கிவிடப் பார்த்தார் என்று
எனக்குப் புரிந்தது.
நான்தான் விடவில்லை.
"வோட்டுப் போட்டேன், சாமி."

வெளியே யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.
"மனஸ்தாபப்படுகிறாயா?"
"நார்துவுக்கு மணி அடிக்காததற்கு."
"அது பாவம் இல்லை, விஸ்டின்."
"எனக்குப் பாவம்."

பாவமன்னிப்பு தர அவருக்கு அதிகாரம் இல்லை.
சொல்லும்போது என் பாட்டத்தைவிட
அவர் பாட்டம் பாவமாயிருந்தது.
எழுந்திருக்கையில் மெதுவாகக் கூப்பிட்டார்:
"காலை ஐந்தரைப் பூசைக்கு
மணியடிக்க வந்துவிடுவாய்தானே?"

வந்தேன்.
என் மணிக்கு ஊர் எழுந்து வந்து
வரிசையில் நின்று நன்மை வாங்கியது.
நான் கோபுரத்தடியில், கயிற்றோடு.
அடித்துக்கொண்டே இருந்தவன்
நடுவில் ஒரு மூச்சு நேரம் நிறுத்தினேன்.
ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.
பிலுமினா மட்டும், பெண்கள் வரிசையிலிருந்து,
திரும்பிப் பார்த்தாள்.